பயத்தை வாங்கிக்கொண்டவர்

வண்டன்மேட்டில் எங்கள் வீடு ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. மழைக்காலத்துக் காற்றுக்குக் கூரை தாங்காது. குடிதண்ணீருக்குப் பள்ளத்து ஊற்று வரைக்கும் இறங்கி, குடத்தோடு மூச்சிரைக்க ஏறி வர வேண்டும். என் மனைவி கல்யாணமான நாளிலிருந்து இதற்காக என்னை வைகிறாள். "காக்கா கூடு கட்டுற எடமாப் பாத்து வீடு கட்டியிருக்காரு பாரு, மகராசன்" என்பாள். வைதுவிட்டுப் போகட்டும். பள்ளத்தில் நான் குடியிருக்க மாட்டேன்.

போன வாரம் ஏலக்காய் ஸ்டோருக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில் ஒரே பேச்சு. வடக்கு மலையில் ஆற்றை மறித்துப் பெரிதாகக் கரண்டு எடுக்கப் போகிறார்களாம். பட்டணமெல்லாம் பகல் மாதிரி எரியுமாம். வேலை கிடைக்கும் என்று நாலு பேருக்குச் சந்தோஷம். மலையாளத்துச் சர்க்கார் காரியம், நமக்கென்ன என்று ஒருத்தர். "அணை ஒடைஞ்சிட்டுன்னா?" என்று மூலையிலிருந்த கிழவர் ஒருவர் மெதுவாகக் கேட்டார். உடனே ஓர் இளவட்டம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, குரலைப் பெண்பிள்ளை மாதிரி மெலிதாக்கி, "அய்யோ ஆத்தா, எனக்குப் பயமா இருக்கே" என்றான். கடையே சிரித்தது. நான் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அந்தப் பையனுக்குத் தெரியாது. அந்தக் கை, அந்தக் குரல், அந்த வார்த்தை எல்லாம் ஒரே ஒரு மனுஷனுடையவை. எஸ்டேட்டுக்கு எஸ்டேட் வாய்வழியாகப் பரவி இங்கே வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அவர் பேரை நான் எழுதப் போவதில்லை. எங்கள் லைனில், அதாவது எஸ்டேட் கூலிகளுக்குக் கட்டி விட்ட வரிசை வீடுகளில், யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. கங்காணியார் என்போம். அவ்வளவுதான்.

கரிசல்காட்டில் மழை பொய்த்து, கிணறெல்லாம் வாயைப் பிளந்து கிடந்த காலத்தில் தேயிலை எஸ்டேட்டுக்கு ஆள் சேர்க்க வந்தார். என் அம்மாவும் நானும் இன்னும் எங்கள் பக்கத்து ஜனங்களுமாகப் போடி அடிவாரத்தில் போய்ச் சேர்ந்தோம். மலையைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். மீசை அரும்பி விட்ட ஆள்தான் நான், ஆனாலும் பிறவியிலேயே பயந்தவன். சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம்? பாதி ஏற்றத்தில், புதருக்குள் எதுவோ உறுமியது. கூட்டம் அப்படியே உறைந்து நின்றது. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக் கட்டிக்கொண்டார்கள். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன்.

கங்காணியார் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். நெடிய ஆள், வெற்றிலைச் சிவப்பு வாய், காதில் சிவப்புக்கல் கடுக்கன். என் முகத்துக்கு எதிரே நின்று நெஞ்சில் கையை வைத்தார். "அய்யோ ஆத்தா, எனக்குப் பயமா இருக்கே" என்று கீச்சுக்குரலில் சொல்லி முழங்காலை நடுங்க விட்டார். பிள்ளைகள்தான் முதலில் சிரித்தன. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். என் அம்மாவே சிரித்துவிட்டாள், பாவி.

"பயத்த எங்கிட்டக் குடுத்துட்டு நட, மக்கா. நான் வச்சிக்கிடுதேன்" என்று என் முதுகில் தட்டினார். பிறகு உறுமல் வந்த புதர்ப் பக்கமாகவே முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். அவர் வெறும் வாய்ச்சவடால்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. சிரிக்க வைத்துவிட்டுப் பின்வரிசையில் ஒளிகிற ஆளில்லை. எங்கே பயமோ அங்கே அவர் உடம்பு முதலில் போய் நிற்கும். அதனால்தான் எல்லாம் இப்படி முடிந்தது.

ஒரு வருஷம் எங்கள் லைனில் வாந்திபேதி வந்தது. செத்தவர்களைத் தொட அவரவர் சொந்தக்காரர்களே தயங்கினார்கள். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். குளிப்பாட்டினார், தூக்கினார், குழியில் இறக்கினார். சாயங்காலம் அதே கையைக் கழுவிவிட்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து, "ஒரு வாய் கஞ்சி இருக்கா, தாயி?" என்று அம்மாவிடம் கேட்டார். வேண்டுமென்றேதான் கேட்டார். அம்மா நடுங்கிக்கொண்டே ஊற்றினாள். அவர் குடித்து முடித்ததும் அவளுக்கு நடுக்கம் நின்றுவிட்டது. அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த அன்பு இன்னும் போகவில்லை. போயிருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

அணை கட்டப் போகிறார்கள் என்ற சேதி அதற்குப் பிறகு வந்தது. எங்கள் எஸ்டேட்டுக்கு மேலே, ஓடை ஒரு புல்வெளியில் தேங்கி இறங்குகிற இடம். அங்கே மண்ணும் கல்லுமாகக் கரை எழுப்பி, தண்ணீரைக் குழாயில் இறக்கி, பேக்டரியில் சக்கரம் சுற்ற விடுவார்களாம். கொழுந்தை அரைக்கிற எந்திரம் தானாக ஓடும். தொரை பங்களாவில் எண்ணெய் இல்லாமல் விளக்கு எரியும். லைனுக்கு விளக்கு உண்டா என்று யாரோ கேட்டதற்கு, "ஒனக்கெதுக்குல வெளிச்சம், ஒம் பொண்டாட்டி மூஞ்சியப் பாக்கவா?" என்று சிரித்தார்கள். கடைசி வரைக்கும் லைனுக்கு விளக்கு வரவில்லை.

அந்தப் புல்வெளியின் ஓரத்தில் காட்டு ஜனங்களின் குடி ஒன்று இருந்தது. ஏழெட்டு மூங்கில் வீடுகள். அவர்களைக் கிளம்பச் சொல்ல கங்காணியாரைத்தான் தொரை அனுப்பினார். நானும் கூடப் போனேன். அவர்களில் மூத்தவர் எதுவும் எதிர்த்துப் பேசவில்லை. "மலை மேல போனா ஆனை இருக்கு" என்று மட்டும் சொன்னார். கங்காணியார் உடனே கையை நெஞ்சுக்குக் கொண்டுபோய், அய்யோ ஆத்தா என்று ஆரம்பித்தார். அந்த மனிதர் சிரிக்கவில்லை. இவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனார். மறுநாள் போனபோது குடி காலி. அடுப்புக்கல்லைக்கூட எடுத்துப் போயிருந்தார்கள். தன் வித்தைக்குச் சிரிக்காத ஆளைக் கங்காணியார் அதற்கு முன்னால் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

கரை வேலை பாதியில் நிற்கும்போது அந்த வதந்தி கிளம்பியது. அணை நிற்க வேண்டுமென்றால் தலைச்சன் பிள்ளையைப் பலி கொடுக்க வேண்டுமாம், ராத்திரியில் சாக்கோடு ஆள் திரிகிறானாம். எவன் கிளப்பினான் என்று தெரியாது. லைனில் ஒரு பிள்ளையை வெளியே விடவில்லை. பெண்கள் கொழுந்தெடுக்கவே போகவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப நாலைந்து குடும்பங்கள் தயாராகிவிட்டன. நாங்களும் அதில் ஒன்று.

காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குக் கங்காணியார் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். பேச்சி என்று பேர். தாயில்லாப் பிள்ளை, அப்போது அவளுக்குப் பல் விழுந்து முளைக்கிற வயசு. அவர் வீட்டுக்கு அவள்தான் தலைச்சன், அவள்தான் கடைக்குட்டி. எல்லாரையும் கரையடிக்குக் கூட்டிப் போய், அவளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, பாதி எழும்பிய கரையின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

"பலி வேணுங்கிறவன் இவளக் கேக்கட்டும். நான் நிக்கேன்லா?" என்று அங்கிருந்து கத்தினார்.

தோளில் இருந்த குட்டி என்ன செய்தது தெரியுமா? ஒரு கையால் அப்பன் குடுமியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நெஞ்சில் வைத்து, "அய்யோ ஆத்தா, எனக்குப் பயமா இருக்கே" என்றது. அப்பனை அப்படியே உரித்து வைத்திருந்தது. கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. கட்டிய மூட்டைகளை அவிழ்த்தார்கள். நாங்களும் அவிழ்த்தோம்.

எங்கள் ஜனத்துக்கு அணையைப் பற்றி உள்ளூர ஒரு சந்தோஷமும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு குடம் தண்ணீருக்கு அடிதடி பார்த்த ஜனம். கரை முடிந்து முதல் மழையில் அந்தப் புல்வெளி கடல் மாதிரி நிறைந்தபோது என் அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். "நம்மூருக் கம்மாய்க்கு இதுல ஒரு மூலை கெடச்சாப் போதுமே" என்று மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டாள். தண்ணீர் இல்லாமல் சாவதைப் பார்த்திருக்கிறோம். தண்ணீரால் சாவது எங்கள் யார் கணக்கிலும் இல்லை.

ஒரே வருத்தம், அம்மன் கோயில் மூழ்கியது. ஊர்க்கோயிலிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துவந்து புது இடத்தில் போட்டு, அதன்மேல் தெய்வத்தை நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். பிடிமண் என்போம். அந்தப் புல்வெளி ஓரத்தில்தான் போட்டிருந்தோம். கங்காணியார் தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் அந்த மண்ணை மறுபடியும் அள்ளி, தலையில் சுமந்து வந்து, கரைக்குக் கீழே, கரையடியிலேயே கோயில் வைத்தார். "ஆத்தா இனிமே அணைக்குக் காவல். நாம ஆத்தாவுக்குக் கீழ இருக்கோம். அப்புறம் என்ன?" என்றார். அதற்குக் கீழே சமதளமாக இருந்த இடத்தில் தொரை புது லைன் கட்டினார், பக்கத்துச் சரிவில் மேல் வரிசை ஒன்றும். முதலில் யாரும் போகவில்லை. கரையை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். கங்காணியார்தான் முதல் ஆளாகச் சட்டி பானையோடு போய்க் கோடி வீட்டில் குடியேறினார். அப்புறம் இடத்துக்கு அடிதடி. பேக்டரி பக்கம், தண்ணீர் பக்கம், கோயில் பக்கம். எங்களுக்கு நடுவில் ஒரு வீடு கிடைத்தது. நான் கொஞ்ச நாள் சுவரோரமாகப் படுக்காமல், ஓடத் தோதாக வாசலோரமாகவே படுத்தேன். அதற்கும் என் எதிரே நின்று அதே வித்தையைக் காட்டினார்.

கரையடியில், கோயிலுக்குப் பின்னால், ஒரு கல் இடுக்கில் நூல் மாதிரித் தண்ணீர் கசிந்தது. பளிங்கு மாதிரித் தண்ணீர். பேக்டரியில் எந்திரத்துக்கு எண்ணெய் போடுகிற வேலை எனக்கு. அங்கே வந்த தொரையிடம் ஒருமுறை சொன்னேன். எந்த அணையும் கொஞ்சம் கசியும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் ஜனமோ அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டது. ஆத்தா தீர்த்தம் தருகிறாள். காய்ச்சல் பிள்ளைக்கு அதைக் கொடுத்தார்கள். பிள்ளைப்பேற்றுக்கு அதைத் தெளித்தார்கள். வருஷத்துக்கு வருஷம் நூல் விரலாயிற்று, விரல் மணிக்கட்டு ஆயிற்று. "ஆத்தா மனசு இளகிட்டா" என்று குலவை போட்டார்கள். கங்காணியார் தினமும் காலையில் அதில்தான் முகம் கழுவுவார்.

பேச்சி பெரியவளானாள். அதே லைனில் அவளுக்குக் கல்யாணமும் ஆயிற்று. அப்பனின் வாயும் அப்பனின் தைரியமும். கொழுந்தெடுக்கும் நிரையில் அட்டை கடித்து யாராவது கத்தினால் அவள் கை நெஞ்சுக்குப் போய்விடும். என்னைக் கண்டாலே, "அண்ணே, தலைக்கு மேல காக்கா பறக்கு, ஓடி ஒளிஞ்சிக்கோங்க" என்பாள். எனக்குக் கோபம் வராது. அவளிடம் யாருக்குமே கோபம் வராது.

அந்த ஆடிக்கு வருகிறேன். ஊரில் ஆடியென்றால் காற்று. ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தால் கொண்டாட்டம். அம்மனுக்கும் ஆடியில்தான் கொடை விழா. மலையில் ஆடியென்றால் வானம் பிளந்து ஊற்றும். இருந்தாலும் எங்களுக்கு ஊர்ப் பஞ்சாங்கம்தான் பஞ்சாங்கம். அந்த வருஷம் மழை விடவே இல்லை. அப்படியே காப்புக் கட்டினோம். கங்காணியார் கையில் மஞ்சள் கயிறு கட்டியாகிவிட்டால், கொடை முடிகிற வரைக்கும் லைன் ஆட்கள் யாரும் எல்லையைத் தாண்டி வெளியே தங்கக் கூடாது. தாண்டினால் ஆத்தா குடும்பத்தைக் கேட்பாள். கரை நிறைந்து, தண்ணீர் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஊருக்குப் போயிருந்த ஆட்கள்கூடக் கொடைக்காகத் திரும்பி வந்திருந்தார்கள்.

கரகத்துக்குத் தீர்த்தம் எடுக்கிற நாள். காலையில் மழை கொஞ்சம் தணிந்தது. மேளம் அடித்துக்கொண்டு எல்லாரும் கரையடிக்குப் போனோம். கங்காணியார் மஞ்சள் வேட்டியோடு செம்பை இடுக்கில் வைத்தார். தண்ணீர் சிவப்பாக வந்தது. மண் கரைந்த சிவப்பு. பேச்சிதான் முதலில் பார்த்தாள். "ஆத்தா குங்குமம் கரைச்சுத் தாரா" என்று குலவை போட்டாள். பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். மேளம் உச்சத்துக்குப் போயிற்று.

அவர் குனிந்தபடியே இருந்தார். செம்பிலிருந்ததைக் கையில் ஊற்றிக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அண்ணாந்து கரையைப் பார்த்தார். செம்பைக் கீழே வைத்தார். பிறகு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கையிலிருந்த காப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துப் போட்டார். மேளம் நின்றது.

"எல்லாரும் மேட்டுக்குப் போங்க. பிள்ளைகளத் தூக்கிக்கிட்டுப் போங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

பேச்சி களுக்கென்று சிரித்தாள். "அப்பாவுக்குப் பயமாம்லா" என்றாள். அவ்வளவுதான், கூட்டம் முழுக்கச் சிரித்தது. மேளக்காரர் குச்சியை விட்டுவிட்டுச் சிரித்தார். நல்ல நாளும் அதுவுமாகக் கங்காணியார் புதுசாக ஒரு வித்தை காட்டுகிறார், காப்பைக்கூட அறுத்துக் காட்டுகிறார், மனுஷனுக்கு என்ன தைரியம் பார் என்று சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. அந்த வித்தையை வாழ்நாளெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். எனக்கு அது மனப்பாடம். அவர் கை நெஞ்சுக்குப் போகவில்லை. குரல் மெலியவில்லை. அய்யோ ஆத்தா இல்லை. நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடவே வந்தாள். "பயந்தாங்கொள்ளி கெளம்பிட்டான்டோய்" என்று பின்னால் குரல் கேட்டது. என்னைப் போலவே எப்போதும் கேலிக்கு ஆளான இன்னும் சில குடும்பங்கள் எங்களுக்குப் பின்னால் வந்தன. எல்லையைத் தாண்டித் தேயிலைச் சரிவில் ஏறினோம்.

மேலே நின்று பார்த்தோம். கங்காணியார் வீடு வீடாக ஓடிக்கொண்டிருந்தார். ஆட்களின் கையைப் பிடித்து இழுத்தார். இழுக்கப்பட்டவர்கள் சிரித்துக்கொண்டே கையை உருவிக்கொண்டார்கள். பேச்சி வாசலில் அம்மனுக்குப் பொங்கல் வைத்திருந்தாள். அரைவேக்காட்டில் பொங்கலை விட்டுவிட்டு எந்தப் பெண்ணும் எழுந்திருக்க மாட்டாள், குடும்பத்துக்கு ஆகாது. அவர் அவள் முன்னால் மண்டியிட்டார். என்ன பேசினார்கள் என்பது அப்போது எங்களுக்குக் கேட்கவில்லை. பிறகு அவரே சொன்னார்.

"பேச்சி, வாம்மா. சத்தியமாச் சொல்லுதேன்."

"மொகத்த அப்பிடி வைக்காதீங்கப்பா, எனக்குச் சிரிப்பு அடங்க மாட்டேங்கு. மேல வரிசையில போய்ச் சொல்லிட்டு வாங்க. அதுக்குள்ள பொங்கிரும், சேந்து போவோம்."

அவர் மேல் வரிசைக்கு ஓடினார். சரிவில் பாதி ஏறியிருப்பார். கரையின் நடு, எருமை படுக்கிற மாதிரி மெதுவாக உட்கார்ந்தது. பெரிய சத்தம் அப்புறம்தான் வந்தது. கோயில் முதலில் போயிற்று, அதன் பின்னால் லைன். நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். தண்ணீர் இறங்கிய பிறகு அங்கே சுவர் இருந்ததற்கான தடம்கூட இல்லை. பேச்சி கிடைக்கவே இல்லை. அம்மா அன்றிலிருந்து தண்ணீரைப் பார்த்து ஒருநாளும் சந்தோஷப்படவில்லை.

ஆத்தா எல்லையைத் தாண்டியவர்களைக் கேட்பாள் என்றார்கள். தாண்டிய நாங்கள் இருக்கிறோம். இதை யாரிடம் கேட்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அவரைத் திட்டலாம் என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். பொய் சொன்னாரா? இல்லை. ஒருத்தரையும் முன்னால் தள்ளிவிட்டுத் தான் பின்னால் நின்றாரா? அதுவும் இல்லை. எங்கள் பயத்தையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார். திருப்பித் தருகிறேன் என்று அவர் வந்து நின்றபோது எங்கள் ஆட்களுக்கு அது என்னவென்றே அடையாளம் தெரியவில்லை. திட்டுவதற்கு வாயைத் திறந்தால் அழுகைதான் வருகிறது.

நாங்கள் வண்டன்மேட்டுக்கு வந்துவிட்டோம். அவர் வரவில்லை. எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. சில வருஷம் கழித்து அந்த எஸ்டேட்டிலிருந்த ஒரு சொந்தக்காரரைப் பார்க்க அங்கே போனேன். அதுவும் ஆடிதான். அதே இடத்தில் கரை எழும்பியிருந்தது. இந்தத் தடவை சுண்ணாம்பு வைத்துப் பலமாகக் கட்டியிருக்கிறோம் என்று தொரை சொன்னாராம். அதே சமதளத்தில் புது லைன். வேறொரு கங்காணி கொண்டுவந்த புது ஜனம், எங்கள் பக்கத்துக் கரிசல் ஜனம்தான். கரையடியில் யாரோ புதுப் பிடிமண் போட்டு அம்மனை வைத்திருந்தார்கள்.

அவரைத் தேட வேண்டியிருக்கவில்லை. லைன் வாசலில் பிள்ளைகள் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தன, நடுவில் அவர். முதுகு கூனிவிட்டது, காதில் கடுக்கன் இல்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "மேட்டுக்குப் போயிருங்க, தாயி. எனக்குப் பயமா இருக்கு" என்றார். அந்த வீட்டுப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு தம்ளர் காப்பியை நீட்டினாள். அவர் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். ஆடி பிறந்தால் தினமும் இப்படித்தானாம். நல்ல மனுஷர், பாவம், பிள்ளைகளுக்கு அவரென்றால் உயிர் என்றார் சொந்தக்காரர்.

"தாத்தா, கைய நெஞ்சுல வச்சுச் சொல்லுங்க. அப்பத்தான் நல்லாருக்கும்" என்றது ஒரு குட்டி. பல் விழுந்து முளைக்கிற வயசு. யாரோ பழைய ஆள் அந்த வித்தையைப் பற்றிச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

அவர் கையை வைக்கவில்லை. அந்தக் குட்டியின் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து, சாதாரணக் குரலில், முகத்துக்கு நேராகச் சொன்னார். அது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு காலத்தில் உறுமிய புதரை நோக்கி நடந்தவரின் பிடி அது.

"நீ அன்னைக்குச் சிரிக்கலல்ல, மக்கா" என்றார்.

"இல்ல ஐயா."

"ஒனக்குப் பயம்னு நீ சொன்னா எல்லாரும் நம்புவாங்க. நீ குடுத்து வச்சவன்" என்றார். கொஞ்ச நேரம் என் கையை விடவில்லை. பிறகு, வேலை கிடக்கிறவர் மாதிரி அவசரமாக அடுத்த வாசலுக்குப் போனார். "தாயி" என்று கூப்பிட்டார். உள்ளே ஒரு பெண், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, சிரிக்க ஆரம்பித்தாள்.